கடையில் சொல்லக்கூடாத வார்த்தை

எங்கள் பூக்கடையில் ஒரு வார்த்தைக்குத் தடை உண்டு. எந்தப் பூவைப் பார்த்தும் 'வாடிப்போச்சு' என்று சொல்லக்கூடாது. திருத்தணியில் மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் என் மாமனார் போட்ட கடை இது. தடையும் அவர் போட்டதுதான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே நான் ஒரு கூடையைக் காட்டி, "இது வாடிப்போச்சே, இன்னா பண்றது?" என்று கேட்டுத் தொலைத்தேன். கையில் சரத்தோடு நின்றிருந்த அம்மாள் அதை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். அன்று வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. வாடின பூவை 'களைச்சிருக்கு' என்று சொல்ல வேண்டுமாம். பூ என்ன மூட்டை தூக்கிவிட்டா வந்தது, களைப்பதற்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். புதுப்பெண் இல்லையா.

களைத்த பூவுக்கு வைத்தியமும் உண்டு. விரல்களைத் தண்ணீரில் நனைத்து மேலே உதறினால் ஒரு மணி நேரத்துக்குப் பூ விழித்துக்கொள்ளும். அதற்குள் விற்றுவிட வேண்டும். ஏமாற்று வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் வாங்கும்போது ஏமாற மாட்டோம். தோட்டத்துக்காரர் எவ்வளவு தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தாலும், மொட்டுக்கு அடியில் இரண்டு விரலால் கிள்ளி அழுத்திப் பார்ப்பேன். புதுசு என்றால் விரலை எடுத்ததும் பழையபடி நிமிரும். பழசு அழுத்தின இடத்தில் ஒடுங்கியே கிடக்கும். கண் ஏமாறலாம், விரல் ஏமாறாது என்பது இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது.

கடைக்கு வெளியே அந்த வார்த்தைக்குத் தடையே கிடையாது. நம் ஜனங்களுக்கு அதில்லாமல் ஒரு நாள் போகாது. மழை தள்ளிப்போனால் கடலைச் செடி வாடும். பரீட்சை முடிவு வந்தால் பிள்ளைகள் முகம் வாடும். சாப்பாடு கொஞ்சம் தாமதித்தால் வயிறு வாடும். பேருந்தில் வந்திறங்குகிற உறவுக்காரர் யாராக இருந்தாலும் வாசலிலேயே "இன்னா இப்டி வாடிட்டீங்க" என்றால்தான் மரியாதை. வறுமையிலும் வாடலாம், வெயிலிலும் வாடலாம், பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனால் அதிலும் வாடலாம். கேட்கிறவருக்கு ஒரு பரிவு, சொல்கிறவருக்கு ஒரு பரிவு. அதோடு சரி. ஒரு வாய் காபி கொடுத்தால் தெளிந்துவிடும் என்பதுபோல ஒரு தைரியத்தையும் அந்த வார்த்தை கொடுத்துவிடும். அந்தத் தைரியத்தை நான் இப்போது நம்புவதில்லை.

என் மகளுக்குப் பதினோராம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் பிறந்தபோது மலைமேல் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் மொட்டையை ஒற்றைப்படை மாதத்தில்தான் போடுவார்கள். ஏழாம் மாதம் எனக்குக் காய்ச்சல். ஒன்பதாம் மாதம் தாய்மாமனுக்கு, அதாவது பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் என் தம்பிக்கு, வர முடியவில்லை. பதினொன்றையும் விட்டால் மூன்றாம் வயதுதான். அந்த மாதத்துக் கிருத்திகையை விட்டால் வேறு நாள் இல்லை என்று ஆகிவிட்டது. சாமி கடனை இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று, மூன்றாம் முறை தள்ளினால் என்ன ஆகுமோ என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து என் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா, மொட்டைக்காக அன்றே வந்துவிட்டிருந்தார். மூன்று பிள்ளை வளர்த்தவர். துணியைப் பார்த்துவிட்டு, "பல்லு மொளைக்கிற பேதி இது. எல்லாப் புள்ளைக்கும் ஆவறதுதான்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய் வந்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மொட்டைய வச்சிகினு இப்போ ஊசி போட்டுகினு வருவியா? தண்ணி காட்டாத. பாலையும் நிறுத்து. உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல பேரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். உண்மை வேறு. கிருத்திகைக்கு மூன்று கூடை மல்லியும் இரண்டு கூடை சாமந்தியும் வந்து இறங்கியிருந்தன. விடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் போய் உட்கார எனக்கே மனசில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் நம்பினேன்.

காலையில் ஆறு மணிக்குக் கடை திறந்தோம். பாப்பாவைக் கடைக்குள்ளேயே தூளி கட்டிப் போட்டிருந்தேன். ராத்திரி முழுக்க நாலைந்து தடவை போனவள் இப்போது அடங்கிக் கிடந்தாள். 'பார்த்தியா, நின்னுடுச்சி' என்று நாத்தனார் ஜாடை காட்டினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. போவதற்கு உள்ளே எதுவும் இல்லை என்று தோன்றவில்லை.

தம்பி முதல் பேருந்து பிடித்து எட்டு மணிக்கு வந்தான். தூளியை விலக்கிப் பார்த்தான். "இன்னா பாப்பா, தறியில நின்னுட்டு பஸ்ல வந்த மாமனே வாடலை, தூளியில படுத்துகினு நீ வாடிட்டியா?" என்று கன்னத்தைத் தட்டினான். வழக்கமாக அவன் மூக்கைப் பிடித்து இழுப்பவள், கண்ணை மட்டும் பாதி திறந்து மூடினாள்.

"தூக்கம் பத்தலை, அதான் வாடிட்டா" என்றார் என் வீட்டுக்காரர், மாலைக்கு நார் முடிந்துகொண்டே.

"வெயிலு இப்பவே இன்னா காய் காயிது. நமக்கே வாடுது" என்றார் நாத்தனார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன்: பால் இல்லாமல் பசியில் வாடியிருக்கிறாள், மொட்டை முடிந்ததும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் என் கண் அடிக்கடி தூளிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தூளிக்கு நேர் மேலேதான் மல்லிச் சரங்கள் தொங்கும் கொடிக்கயிறு. அரை மணிக்கு ஒரு தரம் நான் சொம்பில் கைவிட்டுச் சரங்களின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி வாக்கில் ஒரு சொட்டு சரத்திலிருந்து வடிந்து பாப்பாவின் உதட்டில் விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. நாக்கு மட்டும் வெளியே வந்து அந்தச் சொட்டை நக்கியது. நக்கிவிட்டு அங்கேயே நின்றது, இன்னொன்றுக்காக. நான் சட்டென்று முந்தானையை எடுத்து அவள் உதட்டை நன்றாகத் துடைத்தேன். தண்ணீர் காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா. தூளியைச் சற்றுத் தள்ளியும் கட்டினேன்.

பத்து மணிக்கு மலைக்குப் புறப்பட்டோம். கிருத்திகை வியாபாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் போக முடியாது, அதனால் என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். நான், தம்பி, நாத்தனார் மூவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். மலைப்பாதையில் வண்டி நகர்ந்து நகர்ந்து மேலே சேர முக்கால் மணி ஆயிற்று. பாப்பா என் தோளில் தலையைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சரிந்தது. நான் கையை வைத்து நிறுத்திக்கொண்டே வந்தேன்.

முடி காணிக்கை மண்டபத்துக்குள் காது கிழிகிற சத்தம். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். ஒவ்வொன்றும் ஊரைக் கூட்டுகிற அழுகை. எங்கள் முறை வந்ததும் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான், பாப்பாவை அவன் மடியில் வைத்தேன். முடி எடுப்பவர் ஐம்பது வயதுக்காரர். கிண்ணத்துத் தண்ணீரை அள்ளி அவள் தலையில் தேய்த்தார். தண்ணீர் நெற்றியில் வழிந்ததும் பாப்பா கண்ணை நன்றாகத் திறந்து மலங்க மலங்கப் பார்த்தாள்.

"பாரு, தண்ணி பட்டதும் தெளிஞ்சிட்டா!" என்று நாத்தனார் கை தட்டினார். தம்பி சிரித்தான்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தெளித்த தண்ணீரில் விழித்துக்கொள்வதைப் பற்றி அந்த மண்டபத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்?

கத்தி வலது பக்கம் இறங்கியது. பாப்பா அழவில்லை. திமிறவில்லை. பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண், "சமத்து! முருகன் கிட்ட எப்டி உக்காந்துகினு இருக்கா பாரு" என்று தன் பிள்ளைக்குக் காட்டினாள். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. வலது பக்கம் முடிந்து உச்சிக்கு வந்த விரல்கள் அங்கே நின்றன. முடி எடுப்பவர் கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். இரண்டு விரலால் உச்சியைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"எம்மா, உச்சிக்குழி இப்டி பள்ளமா எறங்கி இருக்குது. பாப்பாவுக்கு இன்னா ஒடம்புக்கு?"

"கொஞ்சம் வாடியிருக்கா, அவ்ளோதான்" என்று நாத்தனார் முந்திக்கொண்டார். "நீ முடிப்பா."

"ஒரு நாளைக்கு எத்தினி தலைய தொடறேன் நான். வாடின புள்ளையும் கத்தி பட்டா கத்தும். இது கத்தலை. நான் தொட மாட்டேன், எடுத்துகினு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பாதி மொட்டையோட எழுப்புவாங்களா? சாமி குத்தம் ஆயிடும்!"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவர் எங்கியும் போயிட மாட்டாரு. இந்தப் புள்ள போயிடும்."

தாய்மாமன் மொட்டை முடியாமல் மடியை அசைக்கக்கூடாது என்பது முறை. தம்பி எழவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, சொல்லுக்கா" என்றான். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டு நிமிஷம்தான், முடித்துக்கொண்டே போய்விடலாம் என்று கெஞ்சினார். அவர் பயமும் பொய்யில்லை. தள்ளிப்போட்ட வேண்டுதல்தான் பிள்ளையை இப்படிப் படுத்துகிறது, பாதியில் விட்டால் இன்னும் படுத்தும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

நான் குனிந்து பாப்பாவின் சட்டையைத் தூக்கினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து விட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகப் போனது. தோல் கிள்ளின இடத்தில் அப்படியே மடிப்பாக நின்றது. படுக்கவில்லை.

"தூக்குடா" என்றேன்.

ஆட்டோ வரிசை மலைப்பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. படியில் இறங்கினோம். தம்பி பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டினான், நான் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாமல் பின்னால் ஓடினேன். கீழேயிருந்து காவடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. 'அரோகரா' சத்தத்துக்கு நடுவில் "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கத்திக்கொண்டே போனோம். பாதி மொட்டையைப் பார்த்த சிலர் ஒதுங்கினார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இது இன்னாடி அநியாயம், பாதியில எறக்குறாங்க" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. மற்ற நாளாயிருந்தால் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்திருப்பேன். அன்று என் கண் தம்பியின் தோளுக்கு மேலே தெரிந்த அந்தச் சின்னக் கையிலேயே இருந்தது. அது ஒவ்வொரு படிக்கும் துணிபோல ஆடியது. விரல் மூடவேயில்லை.

படி முடிகிற இடத்தில் எங்கள் கடை. கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா ஆச்சி? மொட்டை ஏன் பாதியில..." என்று ஆரம்பித்தார்.

"கடைய உட்டுட்டு வண்டிய எடு" என்றேன். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அன்றுதான் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினேன். அவர் கடையை மூடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாப்பாவை வாங்கி மேஜையில் படுக்க வைத்ததும் முதல் வேலையாக வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். நான் மலைமேல் கிள்ளிய அதே இடம்.

"எத்தனை நாளா பேதி?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

"மூத்திரம் கடைசியா எப்போ போச்சு?"

தெரியவில்லை. எந்தக் கூடை எத்தனை மணிக்கு வந்தது, எந்தச் சரம் எத்தனை மணிவரை தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது தெரியவில்லை.

"வெயில்ல கொஞ்சம் வாடி..." என்று இழுத்தேன்.

"வெயில் இல்லம்மா. உடம்புல தண்ணியே இல்ல. வீட்ல தண்ணி எவ்ளோ குடுத்தீங்க?"

"குடுக்கலைங்க."

"கொஞ்சம்கூடவா?"

ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் எட்டுத் தரமாவது மல்லிக்குத் தண்ணீர் தெளித்திருப்பேன். தூளியில் என் பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தாள். அதை நான் துடைத்துவிட்டேன். இதை அந்த நர்ஸிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்தார்கள், காலில் குத்தினார்கள். ஊசி ஏறினபோதும் பாப்பா முகத்தைச் சுளித்தாளே தவிரச் சத்தம் வரவில்லை. நாலாவது இடத்தில் கிடைத்தது. பாட்டிலிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்ததும் டாக்டர், "சரியான நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே, "எங்க அம்மா எனக்கு அப்டித்தான் சொன்னாங்க. நான் என் புள்ளைங்களுக்கும் அப்டித்தான் செஞ்சேன்" என்றார். அவருக்கு நாலாவதாக ஒரு பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில் போனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதில் போனது என்று நான் கேட்கவில்லை. அவர் உள்ளே வந்து பாப்பாவின் காலடியில் உட்கார்ந்தார்.

மூன்று மணி வாக்கில் நர்ஸ் உப்புசர்க்கரைப் பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து, கரண்டியால் கொடுக்கச் சொன்னாள். முதல் கரண்டி உதட்டில் பட்டதும் அந்த நாக்கு வெளியே வந்தது. காலையில் வந்த அதே மாதிரி. அவசரத்தில் நான் சாய்த்ததில் பாதி சட்டையில் கொட்டிவிட்டது. நாத்தனார் கரண்டியை வாங்கிக்கொண்டு அவரே கொடுத்தார். இப்போது கனகம்மாசத்திரத்தில் அவர் தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிற்றால் போனாலும் அந்தப் பாக்கெட்டோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். சண்டை போட்டாவது குடிக்க வைத்துவிட்டு வருகிறார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதி மொட்டையோடு வீட்டுக்குள் நுழைய நாத்தனாருக்கு மனசில்லை. நேராக மலைக்கே போனோம். பள்ளிப்பட்டுக்குப் போயிருந்த தம்பியும் வந்து சேர்ந்தான். அதே மண்டபத்தில் அதே மனிதர் எங்களைப் பார்த்ததும் அடுத்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு இடம் கொடுத்தார். கத்தியை எடுப்பதற்கு முன் உச்சியைத் தடவிப் பார்த்தார். "ஆங்" என்றார், அவ்வளவுதான்.

கத்தி பட்டதும் பாப்பா போட்ட கூச்சலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. தம்பியின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். அவன் கையைக் கடித்தாள். முகம் சிவந்து, இரண்டு கண்ணிலிருந்தும் கண்ணீர் கொட்டி, கன்னத்தில் வழிந்து, உதட்டோரம் வந்து நின்றது. நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டே அழுதாள். துடைப்பதற்காக நான் முந்தானையை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. துடைக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, அது வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.